ஒராக்கிளும் போஸ்ட்கிரெஸும் ஒரே சேவரிலை: கோப்புறைகளுக்கு என்ன பேர் வைக்கலாம்?

#1 கோண்டாவில்_கிழக்கு

வணக்கம். சுன்னாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை எண்டு மூண்டு கிளை உள்ள ஒரு மொத்த வியாபாரத்துக்குப் புதுச் சேவர் போடுறம். ஒராக்கிள் லினக்ஸ் 8. இப்ப ஒராக்கிள் 19சி டேட்டாபேஸ், பிறகு அதே பெட்டியிலை போஸ்ட்கிரெஸ் 16 எண்ட மற்ற டேட்டாபேஸும் வரும். 480 ஜிபி எஸ்எஸ்டி இரண்டு மிரரிலை, 2 டிபி இரண்டு மிரரிலை, பக்கப்புக்கு வேறை டிஸ்க் ஒண்டு.

பழைய சேவரிலை ஒராக்கிள் கிடக்கிற இடம் /ஹோம்/ஒராக்கிள்/ஒரா19நியூ/ஃபைனல்2. டேட்டாஃபைலும் அதுக்குள்ளையே. எது மென்பொருள், எது தரவு, எது ஆரோ எடுத்து வைச்ச கொப்பி எண்டு பேரைப் பார்த்துச் சொல்லேலாது. புதுசிலை என்ன ஒழுங்கு வைக்கிறது? கோப்புறைக்குக் கிளைப் பேர் வைக்கலாமோ?

(வாசிக்க லேசாக இருக்கட்டும் எண்டு பாதைகளைத் தமிழ் எழுத்திலை தட்டுறன். சேவரிலை எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்துத்தான்.)

#2 வடலி

ஒராக்கிளுக்கு நீங்கள் புதுசா ஒண்டும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. ஓஎஃப்ஏ (ஒப்டிமல் ஃப்ளெக்சிபிள் ஆர்கிடெக்சர்) எண்டு கோப்புறைகளுக்கு ஒரு ஒழுங்கு 1990களிலேயே வந்திட்டுது. ஒராக்கிளிலை வேலை செய்த கேரி மில்சப் எழுதினது. இண்டைக்கும் இன்ஸ்டோலர் அதைத்தான் எதிர்பார்க்குது.

மவுண்ட் பொயின்ட் (டிஸ்க் வந்து ஏறுற கோப்புறை): /யூ01, /யூ02, /யூ03. ஒரு நிலையான எழுத்து, பிறகு ஒரே நீளத்திலை இலக்கம். யூ1, யூ2 எண்டு போட்டால் பத்தாவது டிஸ்க் வரேக்கை வரிசை குழம்பும். பேரிலை டிஸ்க்கின்ரை குணத்தைச் சொல்லாதேங்கோ. /எஸ்எஸ்டி எண்டு வைச்ச இடத்திலை நாளைக்கு வேறை டிஸ்க் ஏறும், பேர் பொய்யாகிப்போகும்.

ஒராக்கிள்_பேஸ்: /யூ01/அப்/ஒராக்கிள்
ஒராக்கிள்_ஹோம் (மென்பொருள் கிடக்கிற இடம்): /யூ01/அப்/ஒராக்கிள்/ப்ரொடக்ட்/19.0.0/டிபிஹோம்_1
இன்வென்டரி (நிறுவின ஹோம்களின்ரை பதிவேடு): /யூ01/அப்/ஒராஇன்வென்டரி
தரவு: /யூ02/ஒராடேட்டா/டேட்டாபேஸ் பேர்
மீட்புப் பகுதி: /யூ03/அப்/ஒராக்கிள்/ஃபாஸ்ட்_ரிகவரி_ஏரியா

இன்வென்டரி பேஸுக்குள்ளை இல்லை, பக்கத்திலை. ஒரு பெட்டியிலை எத்தினை ஹோம் இருந்தாலும் எல்லாத்துக்கும் இன்வென்டரி ஒண்டுதான். அது எங்கை இருக்கு எண்டு /ஈடிசி/ஒராஇன்ஸ்ட்.லொக் சொல்லும். பேஸையும் குடுக்காமல், ஓஎஃப்ஏ பாதையும் இல்லாமல் நிறுவினால் இன்ஸ்டோலர் அதைப் பயனரின்ரை ஹோமுக்குள்ளை வைச்சிடும். உங்கடை பழைய சேவரிலை அநேகமா அங்கைதான் கிடக்கும், பாருங்கோ.

நிறுவ முதல் /யூ01 ஐ ஒராக்கிள் பயனருக்கும் ஒஇன்ஸ்டோல் குழுவுக்கும் எழுதி, 775 குடுங்கோ. நிறுவின பிறகு சத்தியமா அந்த 775 ஐ முழுக்கத் திரும்பப் போடாதேங்கோ. ஹோமின்ரை பின் கோப்புறையிலை ஒராக்கிள் எண்ட பைனரிக்கு அனுமதி 6751, அதாவது செட்யூஐடி, செட்ஜிஐடி இரண்டும் (ஆர் ஓட்டினாலும் கோப்பின்ரை சொந்தக்காரர், குழு உரிமையோடை ஓடும்). 775 போட்டால் அது போயிடும், பிறகு அதே பெட்டியிலை இருக்கிற மற்றப் பயனர்மார் உள்ளூராத் தொடுக்கேலாது. ரூட்.எஸ்ஹெச் போட்டுத் தந்த அனுமதிகளும் அதோடை அழியும்.

ஃபைனல்2 எண்டு வைச்சால் ஃபைனல்3 வராமல் இராது.

#3 நாவற்குழி_பாலம்

வடலி அண்ணை சொன்னது சரி, ஒண்டைத் தவிர. 19.0.0/டிபிஹோம்_1 ஐ நான் ஏற்கமாட்டன். கையேட்டிலை இருக்கு, தெரியும். ஆனால் ஒராக்கிள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர் எண்டு வருசத்திலை 4 தரம் ஆர்யூ (ரிலீஸ் அப்டேட், திருத்தங்களின்ரை தொகுப்பு) விடுது. ஓடிக்கொண்டிருக்கிற ஹோமிலையே பட்ச் போடாமல், பக்கத்திலை புது ஹோம் விரிச்சு அதுக்கு மாறுறதுதான் இப்ப நல்ல வழக்கம். டிபிஹோம்_1, டிபிஹோம்_2, டிபிஹோம்_3 எண்டு நிண்டால் எது எந்த ஆர்யூ? ஓபாட்ச் எண்ட பட்ச் கருவியை ஓட்டித்தான் பார்க்கவேணும். ப்ரொடக்ட்/19.26/டிபிஹோம், ப்ரொடக்ட்/19.27/டிபிஹோம் எண்டு வைச்சால் எல்எஸ் அடிச்ச உடனை தெரியும்.

இடம்தான் கவனிக்கவேண்டியது. விரிச்ச 19சி ஹோம் 7 ஜிபியைத் தொடும், ஆர்யூ ஏறினால் இன்னும் கூடும். ஒரு ஹோமுக்கு 15 ஜிபி எண்டு கணக்குப் போட்டு, ஒரே நேரத்திலை 3 ஹோம் இருக்கக்கூடிய மாதிரி /யூ01 ஐ வெட்டுங்கோ. டயக் கோப்புறையும் (லொக் கோப்புகள் சேருற இடம்) பேஸுக்குள்ளைதான் வளரும், அதுக்கும் இடம் விட்டு 100 ஜிபி எண்டால் காணும்.

#4 வடலி

தம்பி, 19.26 எண்டு பேர் வைச்ச ஹோமிலை ஒரு அவசரத்துக்கு ஆரும் 19.27 ஐ நேரடியாப் போட்டால்? பேர் ஒண்டு, உள்ளே வேறொண்டு. அதை நம்பி ஒருத்தர் முடிவெடுப்பார். டிபிஹோம்_1 குறைச்சலாச் சொல்லும், ஆனால் பொய் சொல்லாது.

#5 நாவற்குழி_பாலம்

அதாலைதான் விதி: ஆர்யூ இலக்கம் பேரிலை இருக்கிற ஹோமிலை ஒருநாளும் அடுத்த ஆர்யூ போடக்கூடாது. தனிச் சின்னப் பட்ச் போடலாம், ஆர்யூ மாறினால் புது ஹோம். இந்த விதியைக் காப்பாத்தேலாத இடம் எண்டால் நீங்கள் சொல்லுற டிபிஹோம்_1 தான் சரி, ஒத்துக்கொள்ளுறன்.

செய்முறை: 18சிக்குப் பிறகு ஸிப்பை எங்கேயோ விரிச்சுப் பிறகு நிறுவுறேல்லை, ஸிப்பை விரிக்கிற கோப்புறைதான் ஹோம். ஆகவே பேரை முதலே தீர்மானிச்சு, வெறும் கோப்புறையை உருவாக்கி, அதுக்குள்ளை விரியுங்கோ. டவுன்லோட்ஸுக்குள்ளை விரிச்சால் ஹோம் டவுன்லோட்ஸ்தான்! விரிச்ச பிறகு உள்ளே இருக்கிற ஓபாட்ச் கோப்புறையைத் தூக்கிப் புதுசை வையுங்கோ, பழைய ஓபாட்ச் புது ஆர்யூவை ஏற்காது. பிறகு ரன்இன்ஸ்டோலரை -அப்ளைஆர்யூ எண்ட தெரிவோடை ஓட்டினால் பட்ச் போட்டுக்கொண்டே நிறுவும்.

மாறேக்கை மறக்கிற சாமான்கள்: டிபிஎஸ் கோப்புறையிலை இருக்கிற எஸ்பிஃபைல், பாஸ்வேர்ட் ஃபைல், நெட்வேர்க்/அட்மின் இலை இருக்கிற லிஸ்னர்.ஒரா, டிஎன்எஸ்நேம்ஸ்.ஒரா, எஸ்கியூஎல்நெட்.ஒரா. எல்லாம் பழைய ஹோமுக்குள்ளை. கொப்பி பண்ணி, லிஸ்னர்.ஒராவுக்குள்ளை பழைய பாதை எழுதியிருக்கோ எண்டு பார்த்து, /ஈடிசி/ஒராடப் இலை பாதையை மாத்தி, புது ஹோமிலை தொடக்கி, கடைசியா, பட்சை டேட்டாபேஸுக்குள்ளையும் பதியிற டேட்டாபட்ச் ஐ ஓட்டுங்கோ.

பழையதை நிப்பாட்டின பிறகு புதுசிலை தொடக்குங்கோ. ஒரே டேட்டாபேஸை இரண்டு தரம் ஏத்தாமல் தடுக்கிற எல்கே எண்டு தொடங்கிற பூட்டுக் கோப்பு ஹோமின்ரை டிபிஎஸ்ஸுக்குள்ளைதான் இருக்கு. ஹோம் வேறை எண்டால் அந்தப் பூட்டை மற்றது காணாது.

#6 கோண்டாவில்_கிழக்கு

நன்றி அண்ணைமார். ஒவ்வொரு தரமும் பாதை மாறினால் எங்கடை ஸ்கிரிப்ட் எல்லாம் மாத்தவேணுமே? ப்ரொடக்ட்/கரன்ட் எண்டு ஒரு சிம்லிங்க் (வேறை பாதையைக் காட்டுற இணைப்பு) வைச்சு, ஒராக்கிள்_ஹோமை அதுக்குக் காட்டினால் என்ன?

#7 வடலி

வேண்டாம். இது கனபேர் விழுற கிடங்கு.

எஸ்கியூஎல்பிளஸ் உள்ளூராத் தொடுக்கேக்கை எந்த ஷேர்ட் மெமரி எண்டு கண்டுபிடிக்கிற சாவி, ஒராக்கிள்_ஹோம், ஒராக்கிள்_எஸ்ஐடி (ஓடுற இன்ஸ்டன்ஸின்ரை பேர்) இரண்டின்ரையும் எழுத்துக்கோர்வையிலை இருந்து வருது. பாதை போய்ச் சேருற இடம் ஒண்டாயிருந்தால் காணாது, எழுத்தும் ஒண்டாயிருக்கவேணும். தொடக்கினவர் உண்மைப் பாதையிலை நிண்டு தொடக்கி, நீங்கள் சிம்லிங்க் பாதையிலை நிண்டு தொடுத்தால் "கனெக்டெட் டு அன் ஐடில் இன்ஸ்டன்ஸ்" எண்டு வரும். டேட்டாபேஸோ பக்கத்திலை வடிவா ஓடிக்கொண்டிருக்கும். பாதையின்ரை கடைசியிலை ஒரு சாய்கோடு கூடினாலும் இதே கூத்து. எஸ்ஐடியிலை பெரிய எழுத்துச் சின்ன எழுத்து மாறினாலும் அப்பிடித்தான்.

பதறிப்போய் ஸ்டார்ட்அப் அடிக்காதேங்கோ. பிமொன் எண்ட ஒராக்கிள் பின்னணி ப்ரொசஸின்ரை இலக்கத்தை எடுத்து, /ப்ரொக்/இலக்கம்/என்வைரன் ஐ ஸ்ட்ரிங்ஸாலை வாசியுங்கோ. எந்த ஹோமோடை தொடங்கினது எண்டு எழுத்துக்கு எழுத்து தெரியும்.

ஸ்கிரிப்டுக்கு வழி: பாதையை எழுதாதேங்கோ. எஸ்ஐடியை மட்டும் எழுதி, ஒராஎன்வ் ஐக் கூப்பிடுங்கோ. அது ஒராடப்பைப் பார்த்து ஹோமை எடுக்கும். பாதை இருக்கிற இடம் ஒராடப் ஒண்டுதான், மாத்துறதும் ஒரே வரி.

#8 மருதடி

போஸ்ட்கிரெஸ் பக்கம் நான் எழுதுகிறேன். மேலே வடலி காட்டிய ஒராக்கிள் தரவுப் பாதையில் பதிப்பு எண் இல்லை. அந்த வழக்கம் இங்கே நேர் எதிராக மாறும்.

ஒராக்கிளில் அதே டேட்டாஃபைலைப் புதிய ஹோமில் இருந்து திறக்கலாம். போஸ்ட்கிரெஸில் 16 எழுதிய தரவுக் கோப்புறையை 17 திறக்காது. ஆகவே முதன்மைப் பதிப்பு எண் தரவுப் பாதையில் இருந்தே ஆகவேண்டும்: /யூ02/பிஜிடேட்டா/16/கணக்கு. ஆனால் 16.3, 16.4 என்று எழுதக்கூடாது. சிறு பதிப்பு மாறும்போது பைனரி மட்டுமே மாறுகிறது, தரவு அப்படியே இருக்கும். (10 இற்கு முன்னர் 9.5, 9.6 என இரண்டு எண்களும் சேர்ந்துதான் முதன்மைப் பதிப்பு. பழைய கட்டுரைகளைப் பார்த்து 16.4 என்று வைப்பவர்கள் அங்கிருந்துதான் எடுக்கிறார்கள்.)

ஒராக்கிள் லினக்ஸில் பிஜிடிஜி (போஸ்ட்கிரெஸ் திட்டத்தின் சொந்தக் களஞ்சியம்) பொதிகள் மென்பொருளை /யூஎஸ்ஆர்/பிஜிஎஸ்கியூஎல்-16 இலும் தரவை /வார்/லிப்/பிஜிஎஸ்கியூஎல்/16/டேட்டா இலும் வைக்கும். மென்பொருளை அங்கேயே விடுங்கள். தரவை மட்டும் நகர்த்த, சிஸ்டம்சிடிஎல் எடிட் மூலம் போஸ்ட்கிரெஸ்கியூஎல்-16 சேவைக்கு என்வைரன்மென்ட்=பிஜிடேட்டா=/யூ02/பிஜிடேட்டா/16/கணக்கு என்று ஒரு வரி சேர்த்து, அதன் பின் இனிட்டிபி (தரவுக் கோப்புறையை முதன்முதலாக உருவாக்கும் கட்டளை) செய்யுங்கள். சேவையின் மூலக் கோப்பைத் திருத்தினால் அடுத்த அப்டேட்டில் காணாமல் போகும். உபுண்டு, டெபியனில் வேறு ஒழுங்கு: /வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்கியூஎல்/16/மெயின் தரவு, /ஈடிசி/போஸ்ட்கிரெஸ்கியூஎல்/16/மெயின் அமைவுக் கோப்புகள். ஒரு விநியோகத்தின் பாதையை மற்றதில் பலவந்தமாகத் திணிக்காதீர்கள். பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் போன்ற கருவிகள் இந்தப் பாதைகளை நம்பியே வேலை செய்கின்றன.

இரண்டு எச்சரிக்கைகள். மவுண்ட் பொயின்டையே தரவுக் கோப்புறையாக்க வேண்டாம். ஈஎக்ஸ்டி4 என்றால் உள்ளே லொஸ்ட்+ஃபவுண்ட் இருக்கும், இனிட்டிபி 'கோப்புறை வெறுமையாக இல்லை' என்று மறுக்கும். அதைவிட முக்கியம்: 16, 17 இரண்டுக்கும் தனித்தனி மவுண்ட் கொடுக்காதீர்கள். பிஜி_அப்கிரேட்டை லிங்க் முறையில் ஓட்டினால் கோப்புகளைப் பிரதி எடுக்காமல் ஹார்ட் லிங்க் (அதே கோப்புக்கு இன்னொரு பேர்) போடும். பெரிய தரவுத்தளத்துக்கும் சில நிமிடம்தான். ஹார்ட் லிங்க் ஒரே ஃபைல்சிஸ்டத்துக்குள் மட்டுமே முடியும். /யூ02/பிஜிடேட்டா/16 தனி மவுண்ட் என்றால் அந்த வசதி போய்விட்டது. டொக்கரின் போஸ்ட்கிரெஸ் இமேஜ் கூட 18 இல் இருந்து வொல்யூமை ஒரு படி மேலே /வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்கியூஎல் இற்கு நகர்த்தி, தரவை 18/டொக்கர் என்று உள்ளே வைக்கிறது.

#9 ஏழாலை_தெற்கு

மருதடி ஐயா சொன்ன மாதிரி /யூ02 க்கு மாத்தினால் முதல் தரம் சேவை எழும்பாது. "பெர்மிஷன் டினைட்". எல்எஸ் பார்த்தால் உரிமை, 700 எல்லாம் சரியா இருக்கும். காரணம் எஸ்ஈலினக்ஸ், லேபிளைப் பார்த்து அனுமதிக்கிற லினக்ஸ் பாதுகாப்பு. எல்எஸ்ஸுக்குப் பெரிய இஸட் போட்டுப் பாருங்கோ, லேபிள் வேறையா இருக்கும்.

செமனேஜ் எஃப்கொன்டெக்ஸ்ட் ஆலை /யூ02/பிஜிடேட்டா வுக்கும் அதுக்குக் கீழை எல்லாத்துக்கும் போஸ்ட்கிரெஸ்கியூஎல்_டிபி_டி எழுதி, பிறகு ரீஸ்டோர்கொன். சீகொன் மட்டும் போட்டால் இப்ப ஓடும், அடுத்த ரீலேபிளிலை போயிடும். மைஎஸ்கியூஎல் எண்டால் மைஎஸ்கியூஎல்டி_டிபி_டி. உபுண்டுவிலை மைஎஸ்கியூஎல்லைத் தடுக்கிறது அப்ஆர்மர், /ஈடிசி/அப்ஆர்மர்.டி/லோக்கல் க்குள்ளை புதுப் பாதையை எழுதவேணும். "எஸ்ஈலினக்ஸை நிப்பாட்டு" எண்டு ஆரும் சொன்னால் கேட்காதேங்கோ.

மரியாடிபியின்ரை டேட்டாவை /ஹோம் க்குள்ளை வைக்கிற ஆக்களுக்கு: அதன்ரை சேவைக் கோப்பிலை ப்ரொடெக்ட்ஹோம் போட்டிருக்கு. லேபிள் என்ன போட்டாலும் வாசிக்காது.

#10 கொடிகாமம்_சந்தை

கிளைப் பேர் கேள்விக்கு ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்லை. ஒராக்கிளிலை டிபி_நேம் 8 எழுத்துக்கு மேலை போகாது. சுன்னாகம் ஆங்கிலத்திலை 9. சாவகச்சேரியை விடுங்கோ, அதை ஆங்கிலத்திலை எழுதுற விதமே ஆளுக்கொண்டு: இரண்டு சி, ஒரு சி, எச் உள்ளது, இல்லாதது. ஸ்கிரிப்ட் எழுதுறவர் ஒரு விதம், பக்கப் எடுக்கிறவர் ஒரு விதம் எண்டால் இரண்டு கோப்புறை வளரும். மூண்டெழுத்துக் குறியீடு வைச்சு ஒரு இடத்திலை எழுதி ஒட்டுங்கோ.

அதுக்கும் மேலை, டேட்டாபேஸ் பேர் அது செய்யிற வேலையைச் சொல்லட்டும்: கணக்கு, இருப்பு, சம்பளம். சேவர் பேர், ஐபி, கிளை, பொறுப்பாளர் பேர் எல்லாம் மாறும்.

ஸ்டாண்ட்பை (பதிலுக்கு நிற்கிற இரண்டாவது டேட்டாபேஸ்) வைக்கப்போறியள் எண்டால் டிபி_யுனீக்_நேமிலை ப்ரைமரி, ஸ்டாண்ட்பை எண்டு எழுதாதேங்கோ. ஸ்விட்ச்ஓவர் (இரண்டும் இடம் மாறுறது) செய்த அண்டைக்கே இரண்டு பேரும் பொய். தரவுக் கோப்புறையும் டயக் கோப்புறையும் அந்தப் பேரிலைதான் உருவாகும், இரவு 2 மணிக்குப் பிழையான பக்கத்து அலர்ட் லொக்கை வாசிச்சுக்கொண்டு இருப்பியள். கணக்கு_அ, கணக்கு_ஆ மாதிரி நடுநிலையா வையுங்கோ.

#11 பனம்பாத்தி

அண்ணா, ஒரு சின்னக் கேள்வி. நான் கம்பசிலை படிக்கிறன். இப்ப லினக்ஸ் யூனிக்கோட் ஏற்குதுதானே, உண்மையாவே தமிழிலை கோப்புறைப் பேர் வைச்சால் என்ன?

#12 மருதடி

தங்கச்சி, ஆவணங்கள் வைக்கும் கோப்புறை என்றால் தாராளமாக வையுங்கள். தரவுத்தளம் நிறுவும் பாதையில் வேண்டாம். ஒராக்கிள் இன்ஸ்டோலர் ஹோம் பாதையில் ஆஸ்கி எழுத்துகளைத்தான் கேட்கும். மற்றவற்றில் மூன்று இடத்தில் இடிக்கும்.

யூடிஎஃப்-8 இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். 'யாழ்ப்பாணம்' என்பதில் 11 குறியீடு, 33 பைட். ஈஎக்ஸ்டி4 இல் ஒரு பேருக்கு 255 பைட்தான், அதாவது 85 குறியீடு. அது போதும் என்று தோன்றும். ஆனால் யூனிக்ஸ் சொக்கெட் (அதே பெட்டியில் உள்ள நிரல்கள் தொடுக்கும் கோப்பு) பாதை முழுவதற்கும் லினக்ஸில் 107 பைட்தான். மூன்று கோப்புறை தாண்டுமுன் முடிந்துவிடும், போஸ்ட்கிரெஸும் மைஎஸ்கியூஎல்லும் சொக்கெட் பாதை நீளம் என்று நின்றுவிடும். (ஆங்கிலத்தில் நீட்டி நீட்டிப் பேர் வைத்தாலும் இதே பிழை வரும்.)

மற்றது, 'கொ' இல் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் ஒன்றுபோல் தெரியும். லினக்ஸுக்கு இரண்டும் வெவ்வேறு பேர். ஒரு விசைப்பலகையில் உருவாக்கிய கோப்புறையை இன்னொன்றில் தட்டி 'இல்லை' என்று பதில் வாங்கலாம்.

மூன்றாவது, சேவரின் நேரடிக் கொன்சோல் திரையில் தமிழ் எழுத்துரு இராது. சேவர் எழும்பாமல் நிற்கும் நேரம் பார்த்துப் பெட்டி பெட்டியாகத் தெரியும்.

#13 ஏழாலை_தெற்கு

இடைக்கோடும் வேண்டாம், கீழ்க்கோடு போடுங்கோ. மைஎஸ்கியூஎல்லிலை டேட்டாபேஸ் ஒண்டுக்கு ஒரு கோப்புறை. பேரிலை இடைக்கோடு இருந்தால் கோப்புறைப் பேரிலை அது @002டி எண்டு மாறி நிற்கும். எஸ்கியூஎல்லிலை ஒவ்வொரு தரமும் பக்டிக் போடவேணும்.

பெரிய எழுத்தும் வேண்டாம். லோவர்_கேஸ்_டேபிள்_நேம்ஸ் லினக்ஸிலை 0, வின்டோஸிலை 1. மைஎஸ்கியூஎல் 8.0 இலை இதை முதல் தரம் இனிஷலைஸ் செய்யேக்கை மட்டும்தான் தீர்மானிக்கலாம். வின்டோஸிலை எழுதின அப்ளிகேஷன் லினக்ஸுக்கு வந்தால் "டேபிள் இல்லை" எண்டு நிற்கிறது இதாலைதான்.

#14 நாவற்குழி_பாலம்

வின்டோஸ் எண்ட சொல் வந்ததாலை: எஸ்கியூஎல் சேவர் தன்ரை ஒழுங்கைத் தானே போடும். எம்எஸ்எஸ்கியூஎல்16.எம்எஸ்எஸ்கியூஎல்சேவர் எண்டால் 2022 இன்ரை டிஃபோல்ட் இன்ஸ்டன்ஸ்; 15 எண்டால் 2019, 14 எண்டால் 2017. அதை விட்டிட்டு டேட்டா, லொக், டெம்ப்டிபி பாதைகளை மட்டும் வேறை டிரைவுக்கு மாத்துங்கோ. பழைய ஒராக்கிள் கிளையன்ட் இருக்கிற பெட்டி எண்டால், "ப்ரோகிராம் ஃபைல்ஸ்" க்குப் பிறகு அடைப்புக்குறிக்குள்ளை எக்ஸ்86 வாற பாதையிலை அப்ளிகேஷனை வைச்சால் ஒரா-12154 வரும். அடைப்புக்குறிதான் காரணம், டிஎன்எஸ்நேம்ஸை நோண்டாதேங்கோ.

#15 கோண்டாவில்_கிழக்கு

எல்லாம் பார்த்து இப்பிடி வரைஞ்சிருக்கிறன்:

/யூ01 (எஸ்எஸ்டியிலை 100 ஜிபி): அப்/ஒராக்கிள்/ப்ரொடக்ட்/19.27/டிபிஹோம், அப்/ஒராஇன்வென்டரி
/யூ02 (2 டிபி மிரர்): ஒராடேட்டா/கணக்கு, பிஜிடேட்டா/16/இருப்பு
/யூ03 (பக்கப் டிஸ்க்): ஃபாஸ்ட்_ரிகவரி_ஏரியா, டம்ப்/கணக்கு/31-12-2025 மாதிரித் திகதியோடை

திருத்தம் இருந்தால் சொல்லுங்கோ.

#16 வடலி

/யூ02 இலை இரண்டையும் ஒரே ஃபைல்சிஸ்டத்திலை விட்டால் ஒண்டு நிரம்பி மற்றதையும் நிப்பாட்டும். எல்விஎம் (டிஸ்க்கைத் துண்டு துண்டாப் பிரிக்கிற லினக்ஸ் வசதி) ஆலை /யூ02, /யூ04 எண்டு பிரிச்சு, போஸ்ட்கிரெஸ் முழுக்க /யூ04/பிஜிடேட்டா க்குக் கீழை போகட்டும். 16 உம் பிறகு வாற 17 உம் அதே /யூ04 க்குள்ளை எண்டால் மருதடி சொன்ன ஹார்ட் லிங்க் வேலைசெய்யும். செமனேஜிலையும் பிஜிடேட்டா வரியிலையும் புதுப் பாதையை எழுதுங்கோ.

திகதியைத் திருப்புங்கோ: 2025-12-31. நாள் முன்னுக்கு நிண்டால் எல்எஸ் வரிசையிலை 01 எல்லாம் ஒண்டாச் சேரும். ஒராக்கிள் மீட்புப் பகுதிக்குள்ளை தானே உருவாக்கிறதும் 2025_12_31 எண்டுதான். ஓஎம்எஃப் (கோப்புப் பேரை ஒராக்கிளே வைக்கிற வசதி) போட்டால் ஒராடேட்டாவுக்குள்ளை டேட்டாபேஸ் பேரைப் பெரிய எழுத்திலை உருவாக்கும், அதைக் கண்டு மயங்கி மாத்தவேண்டாம்.

#17 கொடிகாமம்_சந்தை

கரண்ட் போய் வாற ஊர். பக்கப் டிஸ்க் பிந்தி எழும்பினால் /யூ03 வெறும் கோப்புறையா நிற்கும், டம்ப் ரூட் டிஸ்க்குக்குள்ளை போய் அதை நிரப்பும். பிறகு டிஸ்க் மவுண்ட் ஆகேக்கை அந்தக் கோப்புகள் அடியிலை மறைஞ்சிடும், டியூவிலை தெரியாது, டிஎஃப் மட்டும் நிரம்பினது எண்டு சொல்லும்.

மவுண்ட் ஆகாமல் இருக்கேக்கையே நாலு கோப்புறைக்கும் உரிமையை ரூட்டுக்குக் குடுத்து, 000 போட்டு, சட்டர் +ஐ (ஆரும் உள்ளே எழுதேலாமல் பூட்டுற கட்டளை) அடியுங்கோ. மவுண்ட் ஆன பிறகு உள்ளேயிருக்கிற உரிமைதான் வேலைசெய்யும், இது தடுக்காது. மவுண்ட் பட்டியலான எஃப்எஸ்டப்பிலை டிஸ்க்கின்ரை யூயூஐடி (மாறாத அடையாள இலக்கம்) எழுதுங்கோ. எஸ்டிபி, எஸ்டிசி எண்டு எழுதினால் அடுத்த பூட்டிலை இடம் மாறலாம். போஸ்ட்கிரெஸ் சேவைக்கு ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபோர்=/யூ04. பக்கப் ஸ்கிரிப்டின்ரை முதல் வரியிலை மவுண்ட்பொயின்ட் -க்யூ /யூ03 பார்த்து, இல்லையெண்டால் வெளியேறட்டும். /யூ03 வரிக்கு மட்டும் நோஃபெய்ல் (டிஸ்க் இல்லாட்டியும் சேவர் எழும்பட்டும் எண்ட தெரிவு) போடுங்கோ. /யூ02 க்கும் /யூ04 க்கும் போடாதேங்கோ, அதுகள் இல்லாமல் சேவர் எழும்பி ஒரு பிரியோசனமும் இல்லை.